உடன்படிக்கையும் உடன்பிறந்தாரும்

மலைநாட்டில் உடன்பிறந்தார் பிரிந்த கதையைக் கேட்க வருவோர் போரையோ வெள்ளத்தையோ எதிர்பார்த்து வருகின்றனர். கூட்டத்தில் கைநழுவிய குழந்தை, தீ வைத்த இரவில் ஆளுக்கொரு திசையாக ஓடிய குடும்பம் என்று சொன்னால் அவர்கள் மனம் உடனே இளகிவிடுகின்றது. அவ்வாறு பிரிந்தவர்களும் எம்மிடையே உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளை இங்கே எவரும் மறந்துவிடவில்லை. ஆயினும் ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் எந்த லயத்துக்குள் நுழைந்து விசாரித்தாலும் முதலிற் கிடைக்கும் கதை அதுவன்று. எம்மவரிற் பெரும்பாலோர் கந்தோர் வாசலில் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, கைநாட்டு வைத்து, முத்திரை குத்திய தாளைப் பெற்றுக்கொண்டு, பட்டப்பகலில் பிரிந்தவர்கள். எவரும் எவரையும் தொலைக்கவில்லை. எல்லோரையும் எண்ணிக் கணக்கெழுதியே பிரித்தார்கள்.

அந்தக் கணக்கு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை. நாடற்றவராக்கப்பட்ட மக்களை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று மதிப்பிட்டனர். அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பத்தாண்டு கழித்து, 1974இல், அவர்களையும் எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பாதி பிரித்தனர். ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேர் இங்கே குடியுரிமை பெறலாம் என்று விகிதமும் வகுக்கப்பட்டது. அரிசி மூட்டையை இறக்கும்போதுகூட ஒரு மூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே அதுவும் பார்க்கப்படவில்லை. விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தபோது கணக்குப் பிசகிற்று என்பது வேறு விடயம். இங்கேயே தங்க விரும்பியவர்கள் 3 இலட்சத்தைப் பெரிதும் விஞ்சினர். இந்தியா செல்ல விரும்பியவர்கள் குறித்த தொகைக்குக் குறைந்தனர். இருந்தும் வண்டிகள் ஓடின.

சட்டத்துக்குத் தெரிந்த உறவுகள் மிகச் சில. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் விண்ணப்பகாரனோடு மனைவியையும் பராயமடையாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அக்காளும் தம்பியும் இவற்றுள் எங்கும் இல்லை. வகுப்பில் உறவுப் பெயர்களைக் கற்பிக்கும்போதெல்லாம் இந்நினைவு எமக்கு வருவதுண்டு. உடன்பிறந்தாருள் மூத்தவரையும் இளையவரையும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று நான்கு தனிச் சொற்களால் அறியும் மொழி நமது. அந்நான்கில் ஒன்றுக்கேனும் படிவத்தில் ஒரு கோடு இல்லை. தாய் தகப்பன் உயிரோடு இருந்தவரை பிள்ளைகள் அவர்களுடைய விண்ணப்பத்தோடு போயினர், அல்லது தங்கினர். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

எம்மிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் அம்மாயி 1962இல் பிறந்தவர். தந்தை 1973இல், அடைமழை நாளொன்றில், மண்மேடு சரிந்து இறந்தார். தாய் அடுத்த ஆண்டு இறந்தார். 1974 என்னும் ஆண்டைத் தோட்டத்து முதியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். சற்று நேரம் பேசமாட்டார்கள். பங்கீட்டரிசி குறைந்து, மாவும் கிட்டாமல், வேலைநாளும் வெட்டுப்பட்டு, சனங்கள் கீரைக்கும் கிழங்குக்கும் அலைந்த ஆண்டு அது. தோட்டப்புறத்து இறப்பு வீதம் அவ்வாண்டில் வெகுவாக உயர்ந்தது. அந்தத் தாயின் மரணம் காய்ச்சல் என்று பதிவாயிற்று. பசியை நோயென்று எழுதும் வழக்கம் இல்லை.

எஞ்சியவர் மூவர்: பன்னிரண்டு வயதுப் பெண், எட்டு வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன். அப்பாயி அவர்களை வைத்துக்கொண்டார். அவர் இலங்கைக்கு விண்ணப்பித்தவர். தகப்பனுடைய தம்பி இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர். ஒரே வீட்டில் இருவேறு விண்ணப்பங்கள் என்பது அந்நாளில் அதிசயமன்று. சம்பளம் வரும் வீடு, ஊரில் இருப்பதாகச் சொல்லப்பட்ட துண்டு நிலம், மருமகளின் பிறந்தகம், பக்கத்துக் காம்பராக்காரனின் பேச்சு என்று எத்தனையோ காரணங்கள் அந்த முடிவுக்குள் இருந்தன. 1976இல் சித்தப்பாவுக்குப் பயணச்சீட்டு வந்தபோது பையனுக்கு வயது நான்கு. மூத்தவளுக்குக் கொழுந்து மலையில் பேர் விழுந்திருந்தது. அவளுடைய கூலியில்தான் அப்பாயிக்குச் சோறு. ஆகவே பையனை மட்டும் சித்தப்பா கொண்டுசென்றார். அதனை அன்பு என்றே நாம் கொள்கின்றோம். வேறு எவரும் அவனை ஏற்க முன்வரவில்லை.

ஹட்டனிலிருந்து புறப்பட்ட வண்டி நாவலப்பிட்டி, கடுகண்ணாவை வழியே பொல்காவலைக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னாருக்குப் போகும். அங்கே கப்பல், அக்கரையில் இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம். அந்த வண்டிக்கு எம் மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. அம்மாயி சொன்னது இது: “மேடை முழுக்க எல்லாரும் பிரிவுக்கு அழுதாங்க, சேர். அவன் மட்டும் ஜன்னல் சீட்டுக்கு அழுதான்.”

இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. காரணம் எளிது. தோட்டத்தில் லயத்துக்கென்று முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கிருந்து கைமாற வேண்டும். அம்மாயி பதினெட்டாம் வயதில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். பழைய தோட்டத்துக் கந்தோரில் அவருக்கு வந்த கடிதங்கள் என்ன ஆயின என்பதை எவரும் அறியார். 1984இல் கப்பலும் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் தம்பியைப் பற்றிச் சொல்லக்கூடியதாக இருந்தது இரண்டே சொற்கள்: “ஊட்டிப் பக்கம்.”

தேடும் வேலையை நாம் 2022இல் எடுத்துக்கொண்டோம். இதில் பெருமை பாராட்ட ஒன்றுமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் தோட்டத்தில் செய்யவேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று. சினிமாவில் இது சுலபம். 1975இல் வந்த ‘நாளை நமதே’ படத்தில் பிரிந்த சகோதரர்களை ஒரு குடும்பப் பாட்டு சேர்த்து வைக்கிறது. தோட்டத்துக் குடும்பத்துக்குப் பாட்டு இல்லாமலில்லை. ஆனால் அது எல்லா லயத்துக்கும் பொதுவான பாட்டு. அதை வைத்து யாரை அடையாளம் காண்பது?

தாயகம் திரும்பியோர் என்பது இந்திய அரசு அவர்களுக்கு வழங்கிய பெயர். பிறந்த மண்ணை விட்டுப் போனவர்களைத் திரும்பியோர் என்பது எவ்வாறு பொருந்தும் என்று தமிழாசிரியர் கேட்டால் குற்றமாகாது. அவர்கள் சென்ற இடங்களோ பற்பல. நீலகிரியில், 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1976இல் கழகமாக்கப்பட்ட டான்டீ தேயிலைத் தோட்டங்கள், கேரளத்துப் புனலூரிலும் கன்னட நாட்டுச் சுள்ளியா, புத்தூரிலும் இரப்பர்த் தோட்டங்கள், ஆந்திரத்து நூற்பாலைகள், நிக்கோபாரின் கச்சால் தீவு. கடன் பெற்று ஊரில் கடை வைக்கப் போய்க் கடையும் கடனுமாய் அழிந்தோர் பலர். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாய் அகப்பட்டு மீட்கப்பட்டோரும் உளர்.

கூடலூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவருக்கு எழுதினோம். அங்குள்ள லயங்களில் இன்றும் முதியவர்கள் சந்தித்தால் முதற் கேள்வி, “சிலோன்ல எந்தத் தோட்டம்?” என்பதே என்று அவர் பதில் எழுதினார். அறையைக் காம்பரா என்றும் வண்டியைக் கோச்சி என்றும் சொல்வோர் அங்கே இன்னும் உளராம். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. எம் தோட்டங்களுக்குப் பெயர் இரண்டு. துரை வைத்த ஆங்கிலப் பெயர் பதிவேட்டில் இருக்கும். தொழிலாளி வைத்த தமிழ்ப் பெயர் வாயில் இருக்கும். நாம் முதலில் அனுப்பியது பதிவேட்டுப் பெயர். அதனை அங்கே ஒருவரும் அறியவில்லை. தமிழ்ப் பெயரை எழுதி அனுப்பியபின், எட்டாம் மாதம், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது.

செய்தி வந்தது, ஐயமும் உடன் வந்தது. அம்மனிதரின் பெயருக்கு முன்னிருந்த எழுத்து சித்தப்பாவினுடையது. இந்தியத் தூதரகத்தின் கண்டி அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையில் அவர் சித்தப்பாவின் மகனாகவே பதியப்பட்டிருந்தார். அவருக்கும் தாம் வளர்ப்புப் பிள்ளை என்று உறுதியாகத் தெரியாது. சித்தி கோபத்தில் எப்போதோ ஒரு வார்த்தை சொன்னதாக நினைவு, அவ்வளவே. அவருடைய மகன் அந்த அட்டையைப் படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பினான். மடிப்புகளில் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்த தாள். அதில் ஆண்பிள்ளைகள் இருவர். இருவருடைய பிறந்த தேதிகளையும் பார்த்தோம், மறுபடி பார்த்தோம். இருவருக்கும் இடையே ஏழு மாதம். ஒரு தாய் ஏழு மாத இடைவெளியில் இரு பிள்ளைகளைப் பெற்றதாக எழுதி, ஒப்பமிட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்கள். ஐந்து இலட்சம் தலைகளை எண்ணிய அலுவலர்களுக்கு இதைக் கூட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நல்லதாயிற்று. கூட்டிப் பார்த்திருந்தால் பையனைக் கப்பலில் ஏற்றியிருக்கமாட்டார்கள். அல்லது தேதியைத் திருத்தியிருப்பார்கள், நாம் அவரைக் கண்டுபிடித்திருக்கமாட்டோம். தாயின் பெயரையும், லயத்தின் கோடியிலிருந்த தொங்கல் காம்பராவையும் அம்மாயி சொல்ல, அவர் அந்தக் காம்பராவுக்குப் பின்னால் ஓடிய பீலித் தண்ணீரைச் சொன்னார். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

இவ்வளவு உழைப்பும் ஓர் அலுவலகம் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடியது என்பதே எம்மை உறுத்துகின்றது. தென்கொரியாவில் 1983இல் போரினால் பிரிந்த உறவினரைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றை அந்நாட்டுத் தொலைக்காட்சி ஜூன் இறுதி முதல் நவம்பர் நடு வரை 453 மணி நேரம் ஒளிபரப்பியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. 1947இல் பிரிந்த பஞ்சாபி அண்ணன் தம்பி இருவர் 74 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜனவரியில் கர்த்தார்பூரில் தழுவிக்கொண்டதை உலகமே பார்த்தது. அவை போரும் கலவரமும் கலைத்த குடும்பங்கள். பதிவேடு இல்லாமல் தேட வேண்டியிருந்தது. இங்கேயோ போனவர் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. எந்தத் தோட்டத்தவர் என்ற குறிப்பு உண்டு. ஏறிய நாள் உண்டு. 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களை அனுப்பிய ஏடு இக்கரையிலும் ஏற்ற ஏடு அக்கரையிலும் எழுதப்பட்டன. அவ்விரு ஏடுகளையும் ஒரே மேசைமேல் விரித்து வைத்து, கேட்டு வரும் கிழவிக்குப் பதில் சொல்ல ஓர் எழுத்தரை அமர்த்துவதற்கு இரண்டு அரசுகளில் எதற்கும் செலவு அதிகமாகாது. குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு தீர்ந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். தாள் தீர்ந்தது. தாளினால் பிரிந்தவர் பிரிந்தபடியே முதுமை எய்திக்கொண்டிருக்கின்றனர். மூத்தவர்கள் ஆண்டுதோறும் குறைகின்றார்கள். பழைய தோட்டப் பெயர்களை அறிந்தவர்களும் அவர்களே.

தம்பி 2024இல் வந்தார். தலைமன்னார்த் துறைவரை 2015இல் தண்டவாளத்தை மீண்டும் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல்தான் இல்லை. ஆகவே சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, மகனோடு பஸ்ஸில் ஹட்டனுக்கு ஏறி வந்தார். டான்டீயில் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்த கைகள். தலை முழுதும் நரை.

கட்டியழுதார்கள் என்று எழுதினால் வாசகர் மனம் நிறையும். நடந்தது அதுவன்று. அம்மாயி வாசலில் நின்று, “வாங்க, உள்ள வாங்க,” என்றார். கணக்கப்பிள்ளையை வரவேற்பது போன்ற மரியாதை. அவர் மனத்தில் இருந்தது நான்கு வயதுப் பையன். வந்து நின்றவர் ஐம்பது கடந்த மனிதர். தம்பியும் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். எம் மாணவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தேயிலையைப் பற்றியே பேசினார்கள்: அங்கே கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள், இங்கே நாளைக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், அட்டைக்கடிக்கு அங்கே என்ன பூசுவார்கள். இரண்டு நாள் இப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் காலை அவர் பீலிக்குக் குளிக்கப் போகையில், “டேய், தலைய நல்லாத் தொவட்டுடா, காய்ச்சல் வந்துரும்,” என்று அம்மாயி உள்ளிருந்து சத்தமிட்டதை மாணவி எம்மிடம் வந்து சொன்னாள்.

அன்று மாலைதான் அவர் கேட்டார்: “சின்னக்கா எங்க இருக்கு?”

நடுப்பிள்ளையைப் பற்றி அதுவரை இருவரும் பேசவில்லை. 1975இல், ஒன்பது வயதில், கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அவளை அனுப்பினார்கள். அழைத்துப்போனவர் தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் ஒருவர். ஓராண்டு மாதந்தோறும் பணம் வந்தது. பிறகு அந்த மனிதரும் வரவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்பு இருப்புப்பாதையில் நூறு மைலுக்குச் சற்றுக் கூடுதல். கடல் கடந்து போனவருக்கு ஓர் அட்டை இருந்தது, பொய்யான தேதியோடாவது. அவளுக்கு எந்த அரசும் எந்தத் தாளும் எழுதவில்லை. எந்தத் தெரு, யாருடைய வீடு, எந்த மொழி பேசியவர்கள் என்பதும் தெரியாது. பிறப்புப் பதிவு ஒன்றிருக்க வேண்டும் என்று நுவரெலியா மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அதில் உறவுமுறை என்ற இடத்தில், கோடு இல்லாததால் ஓரத்தில், அக்காள், தம்பி என்று எழுதிக் கொடுத்தோம். எழுத்தர் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.