பதினெட்டு டிகிரி

மதுராந்தகத்துக் கோடையின் உக்கிரத்தை அறிய விரும்புகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மாமல்லபுரத்தில் நண்பகலிலேயே வீசத் தொடங்கிவிடும் கடற்காற்று, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சில நாட்களில் அது வருவதேயில்லை. புழுக்கம் மட்டும் தவறாமல் வந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. உலராத வியர்வையால் உடம்புக்கு யாதொரு பயனும் கிடையாது. அதே வேளையில், பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் தான் குடித்ததை நிதானமாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்.

நாட்டு ஓடு வேய்ந்து, நடுவில் முற்றம் வைத்திருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு 1994-இல் அப்பா கட்டிய தளம் போட்ட வீடு இது. ஆண்டுதோறும் ஓடு மாற்றும் தொல்லை இல்லை, குரங்குத் தொல்லை இல்லை என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். முற்றத்தின் வழியே மேலேறிப் போய்க்கொண்டிருந்த வெக்கை இனி எங்கே போகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அப்பா இப்போது இல்லை. அவர் சேர்த்துவைத்த சிற்றிதழ்களும் அம்மாவும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் மூவர்: மூத்தவன் லண்டனில், நடுவில் உள்ளவள் சென்னையில், இளையவன் பெங்களூரில்.

2023 மே மாதத்துக் கத்திரியில் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு வயது எழுபத்தாறு. குளுக்கோஸ் ஏற்றிய மருத்துவர், முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறைந்துவிடும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில உடம்பின் நீரையும் வெளியேற்றிவிடும் என்று விளக்கினார். அந்த வாரமே ஒரு ஏசி வாங்கி, அவள் படுக்கும் அறையில் மாட்டினோம். அப்பாவின் இதழ்கள் அடுக்கிய அலமாரியும் அந்த அறையில்தான் இருந்தது.

இலக்கியம் பேச வேண்டிய இடத்தில் ஏசியைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்த இயந்திரம் பிறந்ததே ஓர் அச்சகத்துக்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சுக்கூடம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் பிசகிக்கொண்டிருந்தது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதற்குத் தீர்வாக வடிவமைத்ததே இன்றைய ஏசியின் மூதாதை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப உங்கப்பா புஸ்தகத்துக்குத்தான் மாட்டியிருக்கீங்கன்னு சொல்லு" என்றாள்.

மாட்டியவுடன் சென்னையில் இருப்பவள் ரிமோட்டை எடுத்து 18 என்று வைத்தாள். குறைவாக வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது அவள் எண்ணம். நம்மில் பலருக்கும் அதே எண்ணம்தான். சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்பது அது எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லும் இடம் மட்டுமே. இன்வெர்ட்டர் வகையானாலும், அறை வெந்துகொண்டிருக்கும்போது 24 என்று வைத்தாலும் அது முழு மூச்சோடுதான் உழைக்கும்.

இதே பிசகை மூத்தவன் லண்டனில் செய்திருந்தான். அங்கே ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் ரேடியேட்டர் இருக்கும். கொதிகலனிலிருந்து வெந்நீர் அதனுள் சுற்றிவரும். அதன் பக்கவாட்டில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட திருகு. குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் அதை 5-க்குத் திருகுவானாம், நம் ஊர்க் குழாயைத் திறப்பதுபோல. அது குழாய் அல்ல. அதன் தலைக்குள் சூட்டில் விரியும் மெழுகோ திரவமோ இருக்கிறது. அறை சூடேற ஏற அது விரிந்து, ஓர் ஊசியை அழுத்தி, வெந்நீரின் வழியை மெல்ல அடைக்கிறது. 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரியில் அடைபடும். 5 என்றால் அதையும் தாண்டி, நாம் ஜன்னலைத் திறக்கும்வரை போகும். இது புரிவதற்கு அவனுக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின.

ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறிய 2022-இன் குளிர்காலத்தில் அவன் வீட்டுத் தெர்மோஸ்டாட்டை 18-க்கு இறக்கி, கம்பளிச் சட்டையுடன் சாப்பிட உட்கார்ந்தான். குளிர்நாட்டு வீடுகளுக்குள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. அங்கே தாங்கக்கூடிய குளிரின் கடைசி எல்லையாக உள்ள எண்ணைத்தான் இங்கே நாங்கள் காசு கொடுத்து அம்மாவின் தலைமாட்டில் வரவழைத்திருந்தோம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவில் முழங்கால் குடைந்தால் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுத்துவிடுவாள். ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

பிறகு எண் எதுவாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பெரும் வழக்கு நடந்தது. ஏசிகள் தொடக்க நிலையில் 24-இல் இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஆகவே 24 என்றான் இளையவன். மூத்தவன் ஃபேங்கரைக் கொண்டுவந்தான். உடலுக்கு இதமான வெப்பம் எது என்பதற்குச் சூத்திரம் எழுதி 1970-இல் நூலாக வெளியிட்ட டென்மார்க் நாட்டு அறிஞர் அவர். ஆனால் அவர் சோதனைக்கூடத்தில் உட்காரவைத்தது அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்களை. மதுராந்தகத்தில் நூல்புடவை கட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆயும் எழுபத்தாறு வயதுக்காரியை அல்லவே. மாதவி இந்திரகந்தி 2008-இல் ஹைதராபாத்தின் அடுக்ககங்களில் வீடு வீடாகச் சென்று கேட்டபோது, மக்கள் இதமென்று சொன்ன வெப்பம் 29 டிகிரியை ஒட்டி வந்தது. மின்விசிறிக் காற்று இரண்டு மூன்று டிகிரி தணிந்தாற்போன்ற உணர்வைத் தரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் படித்தோம், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். அம்மாவைக் கேட்க வேண்டும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முடிவில் 26 என்று தீர்ப்பாயிற்று. அதை நிறைவேற்றும் பொறுப்பை மூத்தவன் ஏற்றான். ஏசியை வைஃபையில் இணைத்துக் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால் லண்டனில் இருந்தபடியே அறையின் வெப்பத்தைப் பார்க்கலாம், ஏசியைப் போடலாம், நிறுத்தலாம். அம்மா ரிமோட்டில் அணைப்பாள்; ஐந்து நிமிடத்தில் ஏசி மறுபடியும் உயிர்பெறும். முதலில் இயந்திரம் கெட்டுவிட்டதென்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்த அன்று தொலைபேசியில், "ஏன்டா, லண்டன்ல உக்காந்துகிட்டு எனக்குக் குளிர் வைக்கிறியா?" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எங்களுக்குக் கூசுகிறது.

2024 மே மாதத்தில் ஒரு பிற்பகல் செயலியில் அறையின் எண் வரவில்லை. மின்வெட்டு என்று எண்ணி விட்டுவிட்டோம். அம்மா நாற்காலி போட்டு ஏறி, மெயின் சுவிட்சையே இறக்கியிருந்தாள். ஏசிக்கு மட்டுமான சுவிட்ச் எது என்று அவளுக்கு நாங்கள் காட்டித் தந்ததில்லை. விசிறியும் நின்றுபோன வீட்டில், நாங்கள் வந்து பார்த்தால் கோபிப்போம் என்று கதவையும் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். மாலை பால் கொண்டுவந்த பையன் கூப்பிட்டும் குரல் இல்லாததால் அக்கம்பக்கத்தைத் திரட்டினான். இம்முறை செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் நிற்க, மூத்தவன் தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, படிக்கப் போன புதிதில் தான் வாடகைக்கிருந்த அறையைப் பற்றிச் சொன்னான். வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்டின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பொருத்திப் பூட்டியிருந்தாராம். எண் கண்ணுக்குத் தெரியும், கை எட்டாது. குளிரைவிட அந்தப் பூட்டுதான் தன்னை வாட்டியது என்றான். அவன் சொன்ன நீதி எதுவும் இல்லை. அன்றிரவே செயலியை அழித்துவிட்டான்.

வாரன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆசிரியரைப் பற்றிப் பின்னர் படித்தோம். வகுப்பு நடக்கும்போது பணியாள் அடிக்கடி உள்ளே வந்து வெப்பமானியைப் பார்த்துப் போவது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. அவர் செய்து 1883-இல் காப்புரிமை பெற்ற தெர்மோஸ்டாட், கீழே கொதிகலன் அறையில் ஒரு மணியை அடிக்கும், அவ்வளவுதான். மேலே இருப்பவர்களுக்குச் சூடு போதும் அல்லது போதாது என்று கீழே இருப்பவனுக்குச் சேதி போகும். அவன் எழுந்து ஆவன செய்வான்.

அம்மா வீடு திரும்பியதும் ரிமோட்டைக் கயிற்றில் கட்டிக் கட்டிலோரம் தொங்கவிட்டோம். போடுவதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள பொத்தானில் சிவப்பு நகச்சாயம், ஏற்றும் பொத்தானில் நீலம். மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்தோம். மாலையில் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வருகிறார். ஏசியில் ஈரத்தை மட்டும் பெரிதும் இழுக்கும் 'டிரை' என்றொரு முறை இருக்கிறது. புழுக்க இரவுகளுக்கு அது போதுமென்று அவளே கண்டுபிடித்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'சொட்டு' (அந்தப் படம் தண்ணீர்த் துளி). மின்விசிறி இரண்டில் ஓடும். அலமாரிக் கதவை மட்டும் குளிர் படும்படி திறந்து வைக்கிறாள், அப்பாவின் காகிதங்களுக்காக.

இரவு ஒன்பது மணிக்கு எங்களில் ஒருவர் அழைப்போம். நேற்று கேட்காமலேயே சொன்னாள்: "இருபத்தொம்போதுல வச்சிருக்கேன். குறைச்சுக்கணும்னா எனக்குத் தெரியும். நீ சாப்பிட்டியா?"