முதலில் வந்தோர்

பொழுது புலர இன்னும் சிறிது நேரமிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நடுவே, கன்சஸ் மாநிலத்தின் பிளின்ற் ஹில்ஸ் எனப்படும் புல்மேடுகளில், பலகையால் அடித்த மறைவிடமொன்றினுள் நாம் கம்பளியைப் போர்த்தி ஒடுங்கியிருந்தோம். சித்திரை மாதக் கடைசி. ஆனாற் குளிரோ எலும்பைத் தொட்டது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினரைக் காணச் சென்ற வேளையில், ஒரு நாளைப் பறவைகளுக்கென ஒதுக்கியிருந்தோம்.

முதலில் ஒலிதான் வந்தது: வெறுங்குடத்தின் வாயில் ஊதினாற்போன்ற ஆழ்ந்த முழக்கம். பின்னர், மங்கிய ஒளியிற் புல்வெளிக் கோழிச் சேவல்கள் தென்பட்டன. கழுத்தின் இருபுறமும் செம்மஞ்சட் பைகளை ஊதிப் பருக்கவைத்து, இறகுகளைக் கொம்புபோல் நிமிர்த்தி, நிலம் அதிர மிதித்து ஆடின. பேடுகள் இரண்டோ மூன்றோ. இந்த ஆரவாரமெல்லாம் எவருக்கோ என்பனபோல் அவை புல்லிடையே கொத்தித் திரிந்தன. எமது தேர்தல் மேடைகள் நினைவுக்கு வந்தன என்றால் வாசகர் பொறுத்தருள்க.

இக்கோழிகள் இங்கு எஞ்சியிருப்பது எவருடைய கருணையாலுமன்று. ஒருகாலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரந்திருந்த உயர்புல்வெளியில் இன்று நூற்றுக்கு நான்கு பங்குதானும் இல்லை. மிகுதியை ஏர் விழுங்கிற்று. இம்மேடுகளில் மாத்திரம் மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் கிடந்தன. கொழு கல்லிற்பட்டு மழுங்கியது; புல் பிழைத்தது. பிழைத்த புல்லிலும் மாட்டுப்பண்ணையாளரின் கணக்கு நுழைந்துவிட்டது. இளம்புல்லிற் கால்நடை விரைவாகக் கொழுக்குமென்று வசந்தத்திலே தீ வைக்கிறார்கள். மரஞ்செடிகளை அடக்கத் தீ வேண்டியதே. ஆனால் ஆண்டுதோறும் எல்லாவற்றையும் எரித்துவிட்டால், பேடு முட்டையிட மறைவுக்குப் பழம்புல் எங்கே?

அங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேலான வழி. நண்பகலிற் செயென் பொற்றம்ஸ் என்னும் சதுப்பை அடைந்தோம். 41,000 ஏக்கர் அளவான தாழ்நிலம். சேற்றுத்திட்டெங்கும் உள்ளான்கள். தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்து வடதுருவப் பிரதேசத்துக்குச் செல்லும் பெயர்ட் உள்ளான், சேற்றிலுள்ள புழுக்களை உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தது. வில்சன் பலரோப் என்னும் சிறுபறவைகள் நீரின்மேற் பம்பரமாய்ச் சுழன்று இரையை மேலே கிளப்பின. இவ்வினத்திலே பேட்டுக்குத்தான் வண்ணம். அடைகாத்தல் சேவலின் வேலை. இயற்கையின் நியதி என்று பெண்களுக்கு உபதேசிக்கும் பெரியோர் ஒருநாள் இங்கு வந்து நிற்பது நன்று.

அருகிலிருந்த சிற்றூரின் கோப்பிக் கடையில் முதிய விவசாயி ஒருவருடன் பேச நேர்ந்தது. 1992இல், சதுப்புக்கு நீர் வரும் வோல்நற் ஓடையின் படுகையில், பாசனக் கிணறுகள் இறைக்கும் அளவை மாநிலம் வெட்டிக் குறைத்தது. அவருடைய சோள வயலும் அதில் அகப்பட்டது. “பறவைக்கு வாக்கில்லை, ஆனால் தண்ணீர் உரிமை இருக்கிறது,” என்றார் கசப்போடு. அவர் சொன்னது சிலேடையன்று. 1945ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, முதலிற் பதிந்தவருக்கே முதலுரிமை. சதுப்புக்காக மாநிலம் பெற்ற உரிமை பெரும்பாலான கிணறுகளுக்கு முந்தியது.

மன்னாரிற் கட்டுக்கரைக் குளத்தின் கடைவாய்க்காலில் முறைநீருக்குக் காத்திருந்த குடும்பத்திற் பிறந்த எமக்கு, அவருடைய கசப்பைச் சிரித்துத் தள்ள இயலவில்லை. ஆனாலும் கேட்டோம்: “முதலில் வந்தவருக்கே உரிமையென்றால், கன்சா மக்கள் எங்கே?”

காலையில் நாம் கோழி பார்த்த மேடுகளருகேதான் அவர்களுடைய கடைசி ஒதுக்குநிலம் இருந்தது. 1873இல் அவர்களைத் தெற்கே, இன்றைய ஒக்லகோமாவுக்கு, அனுப்பிவிட்டார்கள். மாநிலத்துக்கு அவர்களுடைய பெயரே நிலைத்தது; நிலம் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் அம்மக்கள் தம் பழைய மண்ணில் ஒரு சிறு துண்டை விலைகொடுத்து வாங்கினார்கள்.

முதியவர் நெடுநேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “என் பாட்டனும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்,” என்றார் ஈற்றில். யாரிடம் என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

அந்தியில் மீண்டும் சதுப்புக்குச் சென்றோம். உள்ளான்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து வடக்கே திரும்பின. 2022இல் வறட்சி வந்து அச்சதுப்பு வற்றிப்போயிற்று என்று பின்னர் அறிந்தோம். அவ்வாண்டு அவருடைய கிணறு எவ்வளவு இறைத்ததோ.