சூரைச்செடியின் நிழலில்

தலையில் அடிபட்டுப் பிழைத்தவரைக் காண வரும் உற்றார், "ஆண்டவர் உயிர்ப்பிச்சை தந்தார்" என்று மகிழ்ந்து திரும்புகின்றனர். மாப்பிள்ளையூரணிப் பகுதியில் உப்பளத்திற்கும் துறைமுகத்திற்கும் இருசக்கர வண்டியில் விரைவோர் பலர். விபத்தில் மூளைக்காயம் அடைந்து வீட்டோடு இருப்போர்க்கு நான் நற்கருணை எடுத்துச் செல்வதுண்டு. தழும்பு ஆறியிருக்கும், நடையும் திரும்பியிருக்கும். ஆனால் நேற்றுச் சொன்னது நினைவில் நில்லாது. காரணமின்றிச் சினம் பொங்கும். வீட்டார் இதைத் திமிர் என்பர், சோம்பல் என்பர். "நான் இவங்களுக்குப் பாரம் சாமி" என்றார் ஒருவர். இச்சொல்லை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடலாகாது.

டென்மார்க்கில் 1980 முதல் 2014 வரை ஏறத்தாழ 74 இலட்சம் மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தலைக்காயம் அடைந்தோரிடையே தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு என்றும், கடைசியாக மருத்துவம் பெற்றபின் வரும் முதல் 6 மாதங்களில் இடர் மிகுதி என்றும் அது கூறிற்று. பெரும்பாலோர் அம்முடிவை நாடுவதில்லை என்பதும் உண்மையே. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்திற்குப் பின் முதல் 48 மணி நேரத்தைக் காக்கிறது. அதன்பின் வரும் மாதங்களைக் காப்பவர் யார்?

நோயாளியின் கையைப் பிடித்து நாள்தோறும் நடை பழக்கும் இயன்முறை மருத்துவரிடமும் செவிலியரிடமும்தான் மனத்தின் இருள் முதலில் வெளிப்படும். எனவே மறுவாழ்வு மையப் பணியாளர் அனைவருக்கும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி இன்றியமையாதது. அதன் முதற்பாடம், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவும் கனிவாகவும் கேட்பது. கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. அடைபட்ட நெஞ்சு திறக்கிறது. 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாதிருத்தல், மருந்துகளையும் நஞ்சுகளையும் அவர் கைக்கு எட்டாமல் வைத்தல், மனநல மருத்துவரிடம் தாமே அழைத்துச் செல்லுதல் ஆகியவை அடுத்த பாடங்கள். மறதி உள்ளவர்க்கு ஒருமுறை சொல்லுவது போதாது. யாரை அழைப்பது என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைக்க வேண்டும்.

நம் ஊர்களில் மறுவாழ்வு மையம் என்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையே. அங்குப் பணியாளர் தாயும் மனைவியுமே. ஆகவே இப்பயிற்சி அன்பியக் கூட்டங்களுக்கும் வரவேண்டும்.

சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவை வேண்டிய எலியாவை நினைத்துப் பாருங்கள். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தொட்டு எழுப்பினார்; அப்பமும் தண்ணீரும் தந்தார்; மீண்டும் உறங்கவிட்டார்; இரண்டாம் முறையும் வந்தார். அந்த இரண்டாம் வருகையே நாம் கற்க வேண்டிய பணி. ஏனெனில் முதல் வாரம் கூட்டம் கூட்டமாய் வந்து பார்க்கும் நாம், மூன்றாம் மாதம் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

பழிச்சொல்லுக்கு அஞ்சி வாய் திறவாதோர் உளர். தற்கொலை செய்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தடை, 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கருதுகிறது. தண்டனைக்கன்று, பராமரிப்புக்கே அவர் உரியவர்.

அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416, இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கும். அதை வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம். பிறகு, நெடுநாளாய் நாம் போகாதிருக்கும் அந்த வீட்டிற்கு, இரண்டாம் முறை போவோம்.