கட்டுப் போடும் கை

வீங்கிய காலைச் சாயங்காலத்தில்தான் பார்க்க வேண்டும். காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர், இரவெல்லாம் படுத்திருந்து வீக்கம் பாதி வடிந்த காலோடு வருகிறார். அதனால் நான் முதலில் கேட்பது செருப்பைப் பற்றித்தான். காலையில் தளர்வாக இருந்த வார் பொழுது சாயும்போது அழுந்தித் தடம் பதிக்கிறது என்றால், சிரையின் மேல் சந்தேகம் விழுகிறது.

பிறகு நிற்கச் சொல்வேன். படுக்கவைத்தால் 'நரம்பு சுருட்டல்' என்று அவர் காட்டவந்த புடைப்பே தட்டையாகிவிடும். கணுக்காலுக்கு மேலே, உட்பக்கத்தில், கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தினால் குழி விழும். அந்த இடத்தில் தோல் பழுப்பேறியிருந்தால் வியாதி பழையது. கசிந்த சிவப்பணுக்களின் இரும்பு படிந்த நிறம் அது, களிம்புக்குப் போகாது. இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலையும் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ள வராவிட்டால் நிணநீர்க் கோளாறு, யானைக்கால் என்று யோசனை திரும்பும். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கியிருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்தாக வேண்டும். மாத்திரைச் சீட்டையும் கேட்டு வாங்குவேன். ரத்தக் கொதிப்புக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபினே சிலருக்குக் காலை வீங்கவைக்கும்.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். நடந்தால் ஆடுசதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ள, நல்ல காலில் அது 30க்கும் கீழே இறங்கும். ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். உடற்கூறியல் ஆசிரியர் பாப்ரீசியஸ் 1603இல் அவற்றை விவரித்து எழுதினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் ரத்த ஓட்டத்துக்கு அவற்றையே சான்றாக்கினார். வால்வு பழுதானால் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்காது. நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதையில் தேங்கும். இதற்கு நீர் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறுநீர்தான் அதிகம் போகும். வால்வு அப்படியேதான் இருக்கும்.

புண்ணாகிவிட்ட காலுக்குக் கட்டுத்தான் மருந்து. "என்னங்க டாக்டர், மருந்து போடாம துணியச் சுத்துறீங்க?" என்று கேட்காதவர் குறைவு. கட்டுவதற்கு முன்னால் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் பீடி பிடிப்பவருக்கும் தமனி அடைத்திருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் விரல் அழுகும்.

நாடி நன்றாக இருந்தால் பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தி, விரல்களின் அடியிலிருந்து தொடங்குவேன். குதிகாலை விடக்கூடாது, விட்டால் அங்கே நீர் பிதுங்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். இழுவை கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும். கணுக்கால் ஒல்லி, ஆடுசதை பருமன். அதே இழுவை ஒல்லியான இடத்தில் கூடுதலாகவும் பருத்த இடத்தில் குறைவாகவும் அழுத்தும். நமக்கு வேண்டியதும் அதுதான்: கீழே 40 மில்லிமீட்டர் அளவுக்கு, மேலே போகப்போகக் குறைய. புதிதாகக் கட்டுகிறவர்கள் அவிழ்ந்துவிடுமோ என்று முழங்காலுக்குக் கீழே ஒரு இழு இழுப்பார்கள். மேலே இறுகினால் கீழே இன்னும் வீங்கும். எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சு வைத்துத்தான் சுற்ற வேண்டும். கட்டி முடித்ததும் நடக்கவைத்து விரல்களின் நிறத்தைப் பார்ப்பேன். நடக்காத காலில் கட்டு பாதி வேலைதான் செய்யும்.

என்னிடம் வருகிறவர்களில் ஜவுளிக்கடைப் பெண்கள், ஹோட்டல் பரிமாறுபவர்கள், போக்குவரத்துக் காவலர்கள் அதிகம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. நல்ல சட்டம். ஆனால் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. இடையிடையே குதிகாலை உயர்த்தி இறக்கி ஆடுசதைக்கு வேலை கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் இதயத்துக்கு மேலே காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும்.

இவ்வளவும் மெல்ல மெல்ல வரும் வீக்கத்துக்கு. ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கி, வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள். ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்தால் நுரையீரலை அடைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.