ஐசியூ சார்ட்: ஒரே தாளில் ஒரு நோயாளியின் நாள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் படுக்கையருகே மடித்து வைத்திருக்கும் பெரிய தாளுக்கு ஐசியூ சார்ட் என்று பெயர். மேலே 24 மணி நேரத்துக்கான கட்டங்கள். இடப்பக்கம் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, வென்டிலேட்டர் அமைப்பு, ஏறும் மருந்துகள், சிறுநீர் அளவு என வரிசைகள். மணிக்கொரு முறை இவற்றை நிரப்புவது செவிலியரின் வேலை. கணினிக்கு மாறிய பிரிவுகளிலும் திரையில் தெரிவது பெரும்பாலும் இதே கட்டங்கள்தான்.

எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைக் காட்டுவதே இந்தத் தாளின் பலம். செப்சிஸ் (கடும் தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளி ஒருவரின் சராசரி ரத்த அழுத்தம் நான்கு மணி நேரமாக 65-இலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் சத்தமே போடாது. ஆனால் அதற்கு நேர் கீழ்வரியில், அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின் 0.05, 0.1, 0.15, 0.25 என்று ஏறியிருந்தால் (கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மைக்ரோகிராமில்) விஷயம் வேறு. அழுத்தம் மருந்தின் தயவில் நிற்கிறது, நோயாளி சரிந்துகொண்டிருக்கிறார். மணிக்கு 40 மில்லியாக இருந்த சிறுநீர் 10 ஆவதும், திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் 2-இலிருந்து 4-க்குப் போவதும் அதையே சொல்லும். நான்கு வரிகளும் ஒரே நேரக்கோட்டில் அடுத்தடுத்து இருந்தால் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவருக்கு உடனே பிடிபடும். வெவ்வேறு திரைகளில் கிடந்தால், அவர் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துத்தான் கோக்க வேண்டும்.

இதை வடிவமைப்புச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் மனநல மருத்துவர் சேத் பௌஸ்னரும் தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டியும் 1994-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு மாதிரி வெளியிட்டார்கள். நோயாளியின் நிலை முழுவதும் ஒரே பக்கத்தில், சிறுசிறு வரைபடங்களாக. எந்தப் பரிசோதனையானாலும் இயல்பு அளவு ஒரே உயரத்தில் இருக்கும். அதைத் தாண்டிய புள்ளி தானே கண்ணில் படும். பின்னர் மேயோ கிளினிக் உருவாக்கிய ‘அவேர்’ என்ற திரை, தகவல்களை உறுப்பு மண்டலவாரியாகத் தொகுத்து, அந்நேரத்தில் தேவையானவற்றை முன்னால் வைத்தது. சோதனைச் சூழலில் மருத்துவர்களின் மனச்சுமையும் பிழைகளும் குறைந்ததாக அந்தக் குழு 2011-இல் பதிவுசெய்தது.

நடைமுறையில் பெரிய தடை, கருவிகள் ஒன்றோடொன்று பேசாததுதான். மானிட்டர் ஒரு நிறுவனத்துடையது, வென்டிலேட்டர் இன்னொன்றுடையது, மருந்து பம்ப் மூன்றாவதுடையது. இவற்றை இணைக்கும் மென்பொருளுக்குத் தனிக் காசு. அதைக் கொடுக்காத இடங்களில் திரையைப் பார்த்துக் கையால் எழுதும் செவிலியர்தான் இணைப்புக் கம்பி. ஒரு நோயாளிக்கு அவசரம் என்றால், அடுத்த படுக்கையின் கட்டம் காலியாகவே நிற்கும்.

ஆகவே புதிய திரை வாங்கும் நிர்வாகம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதை இரவுப் பணிச் செவிலியர்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய தாளில் ஒரே பார்வையில் தெரிந்தது புதிய திரையில் தெரியவில்லை என்றால், அந்தத் திரை வேண்டாம்.