தலைநகரின் ஓரத்தில் ஒரு வாக்கு

தலைநகரில் இருப்பவர்களுக்கு அரசியல் பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். சென்னையின் ஓரத்தில் உள்ள வேலப்பன்சாவடிக்காரர்களான நமக்கு அது பெரும்பாலும் சாலையோரக் கொடிக்கம்பமாகவும் பிரச்சார வண்டியாகவும்தான் எதிர்ப்படுகிறது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து 200 வார்டுகளானபோது, மதுரவாயல் உள்ளே போனது; திருவேற்காடு நகராட்சியைச் சேர்ந்த நாம் வெளியே நின்றோம். வேலைக்கும் படிப்புக்கும் சிகிச்சைக்கும் போவதோ சென்னைக்குள். அங்கே எடுக்கப்படும் முடிவுகள் நம் காலையையும் மாலையையும் தீர்மானிக்கின்றன. அந்த மாநகராட்சி மன்றத்துக்கு மட்டும் நமக்கு வாக்கு இல்லை.

சிறிய நகராட்சி என்றால் கவுன்சிலரைத் தெருவிலேயே பிடித்துக் கேட்கலாமே என்பார்கள். குப்பைக்கும் தெருவிளக்குக்கும் அது சரி, மறுக்கவில்லை. ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், கூவம் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. நம்மைத் தினமும் வதைக்கும் மூன்றில் ஒன்றுகூட அந்தக் கவுன்சிலர் கையில் இல்லை. ஏதாவதொரு மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் தீரும் என்பதையும் ஏற்க முடியவில்லை: வரி கூடும், பேருந்து அப்போதும் வேறு கையில்தான்.

வழி அரசியலமைப்பிலேயே உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தத்தின் 243இசட்இ பிரிவு, பெருநகரப் பகுதி முழுமைக்கும் திட்டமிடும் பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் அந்த மேசையில் இடம் எப்போது என்று கேட்போம்.