மீன்தொட்டி உடைஞ்சா யார் வீட்டில் தண்ணி?

பொட்டி தட்டுற வேலையில் இருந்தா ஒரு வியாதி ஒட்டிக்கும். எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும் "இது எப்போ, எப்படிப் படுக்கும்?"னுதான் முதலில் தோணும். வீட்டில் பெரிசா ஒரு ரீஃப் டேங்க் வைக்கலாம்னு ஆறு மாசமா அலையறேன். (ரீஃப் டேங்க்னா உப்புத்தண்ணி, கடல்மீன், பாறை, மேல பளிச்னு லைட். தங்கமீன் பவுல் இல்லை மக்களே.) கடையில் எல்லாரும் எந்த பிராண்டு, என்ன லைட், ஸ்டாண்டுக்கு என்ன கலர்னு பேசறாங்க. என் மண்டைக்குள்ள ஓடுறது வேற. நான் குடியிருக்கிறது நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில், முதல் மாடி. தொட்டி வைக்கப்போற இடத்துக்கு நேர் கீழே ஒரு பாட்டியின் கட்டில்.

பெரிய கம்பெனி செஞ்சது உடையாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. 2022 டிசம்பர் 16, பெர்லின். ஒரு ஹோட்டல் லாபியில் நின்ன அக்வாடோம் என்கிற அக்ரிலிக் தொட்டி விடியறதுக்கு முன்னாடி வெடிச்சது. சுமார் பத்து லட்சம் லிட்டர் தண்ணி, 1,500 மீன். அந்த நேரத்தில் அங்கே கூட்டம் இல்லாததால் இரண்டு பேருக்குக் காயத்தோட போச்சு. அடுத்த வருஷம் வந்த நிபுணர் அறிக்கையால்கூட காரணம் இதுதான்னு உறுதியா சொல்ல முடியலை. அதனால "உடையாத தொட்டி எது?"னு தேடறதை விட, எது கெட்டாலும் சேதம் கம்மியா இருக்கிற மாதிரி எப்படி அமைக்கிறதுன்னு பார்க்கறதே உத்தமம்.

முதல்ல உயரம். ப்ளஸ் டூ பிசிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டினா போதும். முன்கண்ணாடி மேல தண்ணி கொடுக்கிற மொத்தத் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்தோட ஏறும். முன்னாடியிலிருந்து பின்னாடி எத்தனை அடிங்கறது அந்தக் கணக்கிலேயே வராது. 4 அடி நீளத் தொட்டியில் கடல்தண்ணி ஒன்றரை அடி நின்னா, முன்கண்ணாடி தாங்க வேண்டியது ஏறத்தாழ 130 கிலோ. 2 அடின்னா 230. இரண்டரை அடின்னா 360! ஷோரூமில் கண்ணைப் பறிக்கிறது என்னவோ உயரமான தொட்டிதான். ஆனா உயரம் ஏற ஏற கண்ணாடி தடிமன், விலை, ரிஸ்க் எல்லாமே ஏறும். பாசி சுரண்ட கை எட்டாது. வெளிச்சம் அடிவரைக்கும் போக இன்னும் பெரிய லைட் வேணும்.

அடுத்தது எடை. 4 x 2 x 2 அடித் தொட்டியில் தண்ணி மட்டும் 450 லிட்டர். 12 எம்.எம். கண்ணாடி 90 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்டு, கீழே இருக்கிற சம்ப் எல்லாம் சேர்த்தா முக்கால் டன்கிட்ட வரும். இத்தனையும் நிக்கிறது 8 சதுர அடியில். ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தர விதி, வீட்டு அறைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்ற பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அப்படிப் பார்த்தா 8 சதுர அடிக்கு 150 கிலோதான். நாம ஏத்தறது அஞ்சு மடங்கு. இதுக்காகத் தளம் உடனே இடிஞ்சு விழுந்துடாது. பாரம் சுத்தியிருக்கிற தளத்துக்கும் பீமுக்கும் பரவும். ஆனா அறைக்கு நடுவில் வைக்கிறதும், சுவரோரமா பீம் மேல வைக்கிறதும் ஒண்ணு இல்லை.

இதில் நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு விசேஷம் உண்டு: உப்புக்காத்து. கடலோரப் பழைய கட்டடங்களின் சீலிங்கைப் பாருங்க, காரை பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி எட்டிப்பார்க்கும். விதியில் இருக்கிற 200 கிலோ நல்லா இருக்கிற கம்பிக்குத்தான், துருப்பிடிச்ச கம்பிக்கு இல்லை. அதனால தெரிஞ்ச ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு கீழ்வீட்டுக்குப் போனேன். "என்னப்பா, ரெண்டு பேரும் அண்ணாந்து பல்லியா தேடறீங்க?"ன்னாங்க பாட்டி. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சு. "மீன் உனக்கு, பயம் எனக்கா?" நியாயமான கேள்வி. இன்ஜினியர் பீம் எங்கே ஓடுதுன்னு பார்த்து, இடத்தை மாத்தச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார். இரண்டுக்கும் சரின்னுட்டேன்.

ஸ்டாண்டு விஷயத்தில் வாத்தியார், குப்பத்தில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்க்கிற ஒரு அண்ணன். "இரும்பு இங்க நிக்காது தம்பி. பெயிண்ட் அடிச்சாலும் உள்ள தின்னுட்டுப் பூடும். மரத்துல செஞ்சு மேல ஃபைபர் பூசிடு." தினமும் உப்புத்தண்ணியில் கிடக்கிற பொருளைக் காப்பாத்தறவர் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான். மெரைன் ப்ளைவுட், மேலே ஃபைபர் பூச்சு. ரசமட்டம் வெச்சு சரி பார்த்து, தொட்டிக்கு அடியில் ஃபோம் ஷீட். ஒரு மூலை தூக்கி நின்னா, கண்ணாடி விரிய அதுவே போதும்.

2024-ல் லூப் ரோட்டில் திறந்த புது மீன் அங்காடியில் வழக்கமா வாங்குற அக்காகிட்டயும் சொன்னேன். "இன்னா தம்பி, தோ கீது கடலு. நட்ந்து வந்து பாக்காம காசு குட்த்து வூட்ல வெச்சிக்கப் போறியா?" அக்கா சிரிச்சாலும் இந்த ஆசை இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. மெரினாவில் 1909-லேயே அரசு அருங்காட்சியகம் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்து, 1919-ல் மீன்வளத்துறையிடம் கொடுத்தது. தொட்டிக்கு இங்கேயே தண்ணி அள்ளலாமான்னு கேட்டேன். "அள்ளாத. கூவம் அந்தாண்ட கலக்குது, அடையாறு இந்தாண்ட கலக்குது. மழ பேஞ்சா தண்ணி கலரே வேற." ஆக ஆர்.ஓ. தண்ணியில் கடல் உப்புக் கலவை போட்டுக்கணும். நெம்மேலியில் 2013-லிருந்து கடல்தண்ணியில் உப்பை எடுத்துத் தென்சென்னைக்கு அனுப்பறாங்க, நான் காசு கொடுத்து உப்பு வாங்கி மறுபடி கலக்கப்போறேன் :)

உடையறதை விட அடிக்கடி நடக்கிற விபத்து வழியறது. கரண்ட் போனா பம்ப் நிக்கும், குழாயில் இருக்கிற தண்ணி சம்புக்கு இறங்கும். சம்பில் அதுக்குக் காலி இடம் இல்லைன்னா தரையில்தான். இன்னொண்ணு, மேலே இருக்கிற வடிகாலை ஒரு நத்தை அடைச்சா பம்ப் விடாம ஏத்திக்கிட்டே இருக்கும். எங்க பாஷையில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்! அதனால வடிகால் இரண்டு வேணும். பம்ப் இருக்கிற அறையும் சின்னதா இருக்கணும். அதில் இருக்கிற தண்ணி முழுசா மேல ஏறினாலும் தொட்டி வழியக்கூடாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு அப்புறம் பல தெருக்களில் நாள்கணக்கா கரண்ட் இல்லை. அலை பம்புக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர், கூடவே பேட்டரியில் ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு. மே மாசத்துக்கு சில்லர் கட்டாயம், தண்ணி 25 - 27 டிகிரியில் நிக்கணும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 இரண்டு வருஷமும் சூட்டில் பவளம் வெளுத்ததே, கடலுக்கே தாங்கலைன்னா தொட்டி எம்மாத்திரம்?

பவளம்னதும் சொல்லிடறேன். கல் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோட ஒரே வரிசையில் இருக்கு. கடலிலிருந்து எடுத்தா, வித்தா குறைஞ்சது மூணு வருஷம் ஜெயில். "லைவ் ராக்"னு கிசுகிசுத்து விக்கிற துண்டும் பெரும்பாலும் பவள எலும்புக்கூடுதான். என் தொட்டியில் செராமிக் பாறை. மீன், பண்ணையில் பொரிச்ச கோமாளி மீன். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி மையங்களில் குஞ்சு பொரிக்க வெச்சுக் காட்டியிருக்காங்க. பில் தராத கடையில் எதுவும் வாங்கறதா இல்லை.

கொளத்தூரில் ஆர்டர் கொடுத்தாச்சு. 4 x 2 அடி, உயரம் ஒன்றரை அடி மட்டும். ஒன்றரை அடிக்கு 12 எம்.எம். அதிகம்தான், இருக்கட்டும். மேல் விளிம்பைச் சுத்தி கண்ணாடிப் பட்டை. பாத்ரூமுக்கு அடிக்கிற பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் வேண்டாம், தொட்டிக்கானதுதான் வேணும்னு எழுதியே கொடுத்தேன். ஒட்டினதும் ஒரு வாரம் காயணும், அப்புறம் அவங்க கடையிலேயே ஒரு வாரம் தண்ணி ரொப்பி நிக்கணும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மீன் விடறதுக்கு முன்னாடி, ப்ளக்கைப் பிடுங்கிட்டுத் தரையைப் பார்க்கறது. உங்க தொட்டியிலும் இன்னைக்கே இதைச் செஞ்சு பாருங்க.

தண்ணி டெஸ்ட் முடிஞ்சதும் படம் போடறேன்.